கேமராவுக்குத் தெரியாத நீலம்

எழுபத்து நாலு. ஃபோர்ட்டில்
ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு மேலே மூன்றாவது மாடி.
எனக்குத் தந்த வேலை நாலு முகம்:
அப்பா, அம்மா, பையன், பெண்.
அதற்குமேல் ஒரு புள்ளி வேண்டாம் என்றார் கேல்கர்.

தலைப்பாகை வைத்தால் ஒரு மாநிலமாகிவிடும்.
பொட்டு வைத்தால் ஒரு மதம்.
சட்டைக் காலர் சம்பளத்தைச் சொல்லிவிடும்,
கழுத்தோடு வெட்டு.
மீசை?
மீசைக்காக இரண்டு மீட்டிங் நடந்தது.
பென்சில் கனத்தில் ஒன்றுக்கு
டில்லியிலிருந்து ஒப்புதல் வந்தது.

இந்தி வாசகம்
கொடியில் காயும் துணிபோல ஒரே கோட்டில் தொங்கியது.
தமிழுக்குக் கொடி கிடையாது.
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே சம்மணம் போட்டு
கொம்பும் காலும் நீட்டி
பந்திக்கு வந்த சம்பந்திபோல இடம் கேட்டது.
கத்தரித்து, ரப்பர் பசை தடவி,
நகர்த்தி நகர்த்தி ஒட்டினேன்.
அப்படியும் ஒரு வரி கூடுதல்.
"உன் பாஷை ரொம்பப் பெரிய குடும்பம்"
என்றார் கேல்கர். எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

ஜெபசிங், தவமணி, ரத்தினபாய், ஆசீர்,
அப்புறம் நான், எனக்குக் கீழே கிரேஸ்லின்.
சயான் கோலிவாடாவில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ராத்திரி அம்மா எங்களைப் படுக்க வைப்பது
லேஅவுட் இல்லாமல் வேறென்ன?
தலைமாற்றி, கால்மாற்றி,
ஒரு விரற்கடை வெள்ளை விடாமல்.
ஆபீசில்தான் கற்றுக்கொண்டேன்,
வெள்ளை இடம் என்பது மரியாதை என்று.

அந்த போஸ்டர் சொன்னதை
எங்கள் வீட்டில் கேட்டிருந்தால்
அதை வரைய ஆள் இருந்திருக்காது.

தமிழ்ப் பிரதி ஒன்று
சயான் ஆஸ்பத்திரி மதிலுக்கும் வந்தது.
மருந்துச் சீட்டோடு நின்று பார்த்தாள் அம்மா.
படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும்.
"மூத்தவனும் தவமணியும் இருக்காங்க.
ஏல, மத்த நாலையும் எங்கல வச்ச?"

பிறகு எல்லாமே நாலாயிற்று.
பிஸ்கட் பாக்கெட்டில் நாலு பேர் கடித்தார்கள்.
ஸ்கூட்டரில் நாலு பேர், பையன் முன்னால் நின்றபடி.
சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி.
காந்திவிலியில் இன்னும் அஸ்திவாரம் தோண்டாத பிளாட்டின்
பால்கனியில் நாலு பேர் கையசைத்தார்கள்.
எல்லாம் என் கோடு,
மீசை மட்டும் எழுபத்தொன்பதில் எடுத்துவிட்டோம்.
ஊரைப் பார்த்து நாங்கள் வரைந்தோமா
எங்களைப் பார்த்து ஊர் பெற்றுக்கொண்டதா
தெரியாது.
எனக்கு ஒரு பையன், ஒரு பெண்.
அதே வரிசையில்.

ரிட்டயராகிப் பதினோரு வருஷம் கழித்து
அதே கம்பெனியிலிருந்து ருதுஜா என்றொரு பெண் கூப்பிட்டாள்.
ஆபீஸ் இப்போது லோயர் பரேலில்,
பஞ்சாலை இருந்த இடத்தில் கண்ணாடி.
பழைய ஒரிஜினல்களை ஸ்கேன் செய்கிறார்களாம்.
"இதில் ஒரு சந்தேகம் சார்."

வெளிர்நீலப் பென்சிலால் அப்போது குறிப்பெழுதுவோம்.
பிலிம் எடுக்கும் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது,
வெற்றுத்தாள் என்று எண்ணிக்கொள்ளும்,
எத்தனை லட்சம் அச்சடித்தாலும் வராது.
ஸ்கேனருக்கு அந்த நாசூக்கு இல்லை.
எல்லாவற்றையும் பார்த்துவிடும்.

ருதுஜா திரையைப் பெரிதாக்கினாள்.
மகளின் காதுக்கு வலப்பக்கம்,
தாளின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு
நாலு முகம்.
ரத்தினபாய்.
ஆசீர், ஏறுநெற்றி.
எண்ணெய் வழியும் ஒருவன்.
கிரேஸ்லினுக்கு மட்டும் மூக்கு இல்லை,
அன்றைக்குக் கடைசி லோக்கலுக்கு நேரமாகிவிட்டது.

"அழுக்கு மாதிரி தெரியுது சார்,
க்ளீன் பண்ணிடவா?"

ஒரு பென்சில் கேட்டேன்.
பிளாஸ்டிக் குச்சி ஒன்றைக் கையில் தந்து
அவள் கேட்டாள்:
"எந்த நீலம் சார்?"