அலகு

ஆறேகாலுக்கு வான்காரன் ஹோர்ன் அடிப்பது
எதிர்வீட்டுப் பிள்ளைக்கு.
ஆனால் எங்கள் வீட்டில்தான்
இரண்டு பேர் துள்ளி எழும்புகிறார்கள்.
யன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி
வெள்ளைச் சட்டைகளை எண்ணுகிறான் யொஹான்.
பதினொன்றுக்குப் பிறகு அவனுக்கு எப்போதும்
நூற்றைம்பத்தைந்துதான்.
மட்டக்குளி பஸ்ஸின் நெற்றியில்
இலக்கம் படித்தவன்.

துறைமுகத்தில் இரவு வேலை முடித்து
அவர் வந்து படுக்க ஏழு மணி.
அதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்
இந்த வீட்டில் எல்லாப் பாடமும் இரகசியம்.
கிசுகிசுத்தே வாய்ப்பாடு.
கிசுகிசுத்தே சண்டை.
கிள்ளு வாங்கினால் அழுவதற்குக்கூடக்
குசினிக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும்.

மெலனி ழகரத்தை
வெறும் காற்றாகச் சொல்லிப் பழகிவிட்டாள்.
அவள் மழை என்றால்
நீர்கொழும்புப் பக்கம் எங்கோ பெய்கிற மாதிரி இருக்கும்.
சரியா பிழையா, பிடிக்க முடியவில்லை.
சரி போட்டுவிடுகிறேன்.

சுவரில் நேர அட்டவணை இருக்கிறது.
ஜனவரியில் கலர் பென்சிலால் கோடு கீறி
நானே ஒட்டியது.
திங்கள் ஒன்பது மணி, சுற்றாடல்.
திங்கள் ஒன்பது மணிக்குத் தண்ணீர் வெட்டு.
வாளிகளை வரிசையாக வைத்து
எது கூடக் கொள்ளும் என்று மூன்று பேரும் வாதாடினோம்.
அதைக் கணிதத்தில் எழுதுவதா சுற்றாடலில் எழுதுவதா
என்று யோசித்து
ஒன்றிலும் எழுதாமல் விட்டேன்.
அது நல்ல நாள்.
மற்ற நாட்களில், உண்மையைச் சொன்னால்,
பத்து மணிக்கே புத்தகத்தை மூடி
போனைக் கையில் கொடுத்துவிட்டு
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
சும்மா நிற்கிறேன்.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல
என்னிடம் காய்ச்சல் இருக்கிறது, தடிமன் இருக்கிறது,
இன்றைக்கு ரீச்சர்மார் ஸ்ட்ரைக்காம் இருக்கிறது.
முட்டைக் கடை முதலாளிக்கு மூன்றும் சொல்லி முடிந்தது.
முதலாம் வகுப்பில் அந்த நான்கு மாதமும்
கேற்றடியில் இறக்கிவிட்டதிலிருந்து
திரும்பக் கூட்டிவரும் வரை
மெலனி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை
பத்து முட்டை சுற்றுகிற நேரத்துக்குள்
எப்படிச் சொல்வது.

செவ்வாய்க்கிழமை மீற்றர் பார்க்கிறவர் வந்தார்.
அவருடைய விரல் பெல்லைத் தொடுமுன்
கதவைத் திறந்து
தன் விரலை உதட்டில் வைத்தாள் மெலனி.
"தாத்தா நிதி" என்றாள்.
அவருடைய பாஷையில் அப்பா
தாத்தாவாகிவிடுவார்,
யொஹானுக்கு இன்னும் அது பெரிய பகிடி.
மனுசன் செருப்பைக் கழற்றிவிட்டுப்
பூனை நடையில் உள்ளே வந்தார்.

ரோர்ச்சை எடுக்குமுன்னே
கொப்பியைப் பார்த்து
ஐந்து இலக்கமும் சிங்களத்தில் சொன்னாள்.
பத்தொன்பது நாளாகக் காலையில் காலையில்
கதிரையில் ஏறி எழுதுகிறாள்.
அவர் பார்த்தார்.
கடைசி இலக்கம் ஒன்று கூட.
"விடிய அம்மா அயன் பண்ணினவ."
அதையும் சிங்களத்தில், கொஞ்சம் உடைத்து.

எந்தப் பள்ளிக்கூடம், என்று கேட்டார்,
அவரும் கிசுகிசுத்து.
எனக்கு வாய் வரைக்கும் காய்ச்சல் வந்துவிட்டது.
"மெஹே" என்றாள் அவள்.
இங்கே.
அவர் சுற்றிப் பார்த்தார்.
வாளிகள், கொடியில் காலுறைகள்,
அட்டவணையின் ஒரு மூலை கழன்று தொங்கியது.
பில்லைக் கிழித்து
என் கையில் அல்ல, அவள் கையில் கொடுத்தார்.

அவர் போன பிறகு கேட்கிறாள்:
"அம்மா, புத்தகத்தில நாங்க இன்னும் அலகு ஏழு.
இதில எண்பத்து நாலு அலகு முடிஞ்சுதாம்.
எப்ப படிச்சனாங்க?"
யொஹான் தலையைத் தூக்காமல்,
"காகத்துக்கு ஒண்டுதானே."

எண்பத்து நாலையும் எனக்கு மட்டும் தெரியும்.
எட்டு மணிக்கு மின்விசிறி, நடுச்சாமத்தில் அவனுக்கு இருமல்,
பேசாமல் கழிந்த இரவில்
அணைக்க மறந்த வெளிச்சம்.

பன்னிரண்டுக்கு அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.
யொஹான் நூற்றைம்பத்தைந்தாகி ஓடினான்.
மெலனி ஹோல் நடுவில் நின்று
கண்ணை மூடி
வீடு அதிரக் கத்தினாள்:
மளை.

பிழை.
இவ்வளவு நாளும் சரி போட்டிருக்கிறேன்.
சிவப்புப் பேனை கையில்தான் இருந்தது.
"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்,
திருத்துவதற்கில்லை.