முப்பத்தொன்பதாம் நாள்

பின்னிரவு இரண்டே முக்கால்.
ஊட்ரம் சாலையில் ஒரு லாரிகூட இல்லை.
குளிர்பெட்டியைத் திறந்ததும்
நான்கு பாகை முகத்தில் அடித்தது.
முன்வரிசையில் முதலாவதாகக் கிடந்தது
ஏழு மூன்று ஒன்று ஆறு என்று முடியும் பை.

அந்த எண் எனக்குத் தெரியும்.
என் இடது முழங்கை மடிப்பிலிருந்து
பதினோரு நிமிடத்தில் இறங்கியது அது.

இங்கே சட்டம் எளிது.
மூத்தது முதலில் போகும்.
நாற்பத்திரண்டு நாள் தாண்டினால் மஞ்சள் தொட்டி.
பேரங்காடியில் பால்பெட்டி அடுக்கும் பையனுக்கும் எனக்கும்
ஒரே தொழில்தான்.

டாக்டர் இங் தொலைபேசியில்,
பின்வரிசையில் கைவிட்டுத் துழாவும் மாமியைப்போல:
"இதைவிடப் புதுசு இருக்கா, கோமளா?"
இருக்கிறது, ஒன்பது நாள் ஆனது.
பிறந்து நான்கு நாளான ஒரு குழந்தைக்காக
பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கியில் பார்த்தவள் நான்.
முதல் வாரம், நடுவில் கட்டைவிரல் பதிந்த மாவுருண்டை,
எந்தச் சந்திலும் மடங்கி நுழையும்.
ஐந்தாம் வாரம், ரம்புத்தான்.
முள்முள்ளாய், விறைத்துப்போய்.
சிலது உடைந்து தன் சிவப்பைக் கசியவிடும்.
தளர்ந்துகொள், தளர்ந்துகொள் என்று
ரத்தக்குழாய்ச் சுவர் தனக்குத்தானே சுரக்கும் வாயுவை
அந்தக் கசிவு விழுங்கும்.
குழாய் இறுகும்.

கண்ணாடிக் குப்பியில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.
படுக்கையருகே நின்று ஆயிரக்கணக்கில் எண்ணியவர்கள்
பழையதற்கும் புதியதற்கும்
சாவுக்கணக்கில் வித்தியாசம் காணோம் என்கிறார்கள்.
இரண்டையும் படித்தேன்.
இரண்டையும் நம்புகிறேன்.
இந்த வேலையில் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

பை நிறைந்த அன்று
பக்கத்து நாற்காலியில் குஞ்சரி.
கொடுத்து முடித்துவிட்டு மைலோ உறிஞ்சியபடி,
"அக்கா, உனக்கு நரம்பே கிடைக்காது" என்று சிரித்தாள்.
மாலையில் அப்பாவின் தெம்பனிஸ் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தோம்.
யார் பங்கு எவ்வளவு என்று தொடங்கி
கடைசி மாதம் அவர் படுக்கையை
யார் எத்தனை முறை மாற்றினோம் என்பதில் முடிந்தது.

பைக்குள் இருப்பது அந்த மாலைக்கு முந்திய நான்.
அது ஒரு சொல்லும் கேட்கவில்லை.
என் உடம்பில் ஓடுவதிலோ
மூன்றில் ஒரு பங்கு அதற்குப் பிறகு பிறந்தது,
சண்டையிலேயே வளர்ந்தது.

கையெழுத்திட்டு அனுப்பினேன்.
படுக்கை பதினான்கு, மிஸ்டர் ஜுனைதி,
வயிற்றுக்குள் ரத்தப்போக்கு, ஆறு புள்ளி எட்டு.
அவரிடம் சொல்ல முடியாது.
சொல்லவும் கூடாது.

ஆறு மணிக்கு முன் டாக்டர் இங் மறுபடி அழைத்தார்.
ஏழு புள்ளி ஏழு.
"பரவாயில்லை," என்றார், ஏதோ என்னைத் தேற்றுவதுபோல.

உள்ளே போனபின் முள் சிலவற்றுக்கு மழுங்குமாம்.
குளிரில் தொலைத்ததை
ஓரிரு நாள் ஓட்டத்தில் திரும்பப் பெறுமாம்.
பிழைத்திருப்பவை மட்டும்.

பகல்நேரக்காரி வருமுன்
பெட்டியைச் சரிசெய்தேன்.
அடுத்த பையை முன்னுக்கு இழுத்தேன்.
ஓ பாசிட்டிவ். அதே தேதி.
குஞ்சரியின் எண் எனக்குத் தெரியாது.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.