ஒன்பது மணிக்குக் காலை உணவு

தாளில் அச்சடித்திருப்பது இவ்வளவுதான்:
ஆறு மணிக்கு யோகா. ஏழரைக்குக் கரையோர நடை.
ஒன்பது மணிக்குக் காலை உணவு.
அடியில் சாய்ந்த எழுத்தில்,
அவசரமே இல்லாத ஒரு நாள்.

மூன்று மணிக்குத் தேங்காய் துருவ எழுந்தவள் பெயர்
அதில் இல்லை.
போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மன்சனியோவில் மீன்படகுகள் கிளம்பிப்போன இடத்தில்
ஆறு பாய்கள் விரிந்தன.
யோர்லெனி வெறுங்காலோடு நடந்தபடி
ஸ்பானிய மொழியில் மூச்சை இழுக்கச் சொல்லி
ஆங்கிலத்தில் விடச் சொன்னாள்.
காட்டுக்குள் ஊளைக்குரங்கு ஒன்று
தன் மூச்சை மொத்தமாக விட்டது.
க்யூபெக் தம்பதி
பூமி பிளந்துவிட்டதென்று பாதி எழுந்தார்கள்.
எனக்கு அது
காபிக்குத் தண்ணீர் வைக்கும் நேரம்.

கடைசியில் எல்லோரையும் மல்லாக்கக் கிடத்தினாள்.
சவாசனம்.
செத்தாற்போலக் கிடங்கள் என்றாள்,
அவ்வளவு கனிவாக.
வாணலியில் வாழைப்பழத் துண்டுகளைத் திருப்பியபடி பார்த்தேன்.
ஒரு பிணம் கொசு அடித்தது.
ஒரு பிணம் கைக்கடிகாரத்தில்
தன் இதயத் துடிப்பைச் சரிபார்த்தது.
குவாதலஹாராவிலிருந்து தனியே வந்த பெண் மட்டும்
மெய்யாகவே கிடந்தாள்.
நண்டு ஒன்று அவள் விரலிடுக்கில் நுழைந்து
யோசித்து
வெளியே போனது.

பிறகு நடக்கப் போனார்கள்.
அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலில் வெந்து
மிளகாய் ஒன்று உடையாமல் மேலே மிதந்தது.
ஒன்பது.
ஒன்பதரை.
ஈக்களை விரட்டி விரட்டிக் கை ஓய்ந்தபோது
டெல்பெர்ட் கூப்பிட்டான்:
"மிஸ் வெர்லா, சோம்பேறி பாதையைக் கடக்கிறது."

மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் அந்த
மூன்று விரல் பிராணிக்கு
ஸ்பானிய மொழியில் வேறு பெயர் கிடையாது.

"எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?"
"ஒரு கையை வைத்திருக்கிறது."

ஆறிப்போன சோற்றை மறுபடி சூடாக்கினால்
அது வேறு சோறு.
பானை, தூக்கு, காபிக் கெட்டில்
எல்லாவற்றையும் ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றித்
தள்ளிக்கொண்டு போனேன்.
இடப்பக்கம் கடல். வலப்பக்கம் சதுப்பு.
வேருக்கு வேர் வண்டி முட்டி நின்றது.
நிற்கும்போதெல்லாம் எதையாவது பார்க்க வேண்டியிருந்தது:
நீல நண்டின் வளை,
வாதாங்கொட்டை உடைக்கும் இரண்டு கிளிகள்,
பாறைத் துளை வழியாகக் கடல்
மேலே துப்பிய தண்ணீர்.
பதினோரு வருடமாக இந்தப் பாதையின் வாயில்
சமைக்கிறேன்.
உள்ளே வந்தது
ஒருமுறை, ஓடிப்போன நாயைத் தேடி.

அவர்கள் சேற்றோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
தேவாலயத்தில்கூட அப்படி உட்காரமாட்டார்கள்.
நடுவில் அது,
பாசி படிந்த முதுகோடு,
சிரிப்பா களைப்பா தெரியாத முகத்தோடு.
இரண்டாயிரத்து நாற்பது அடிதான் ஆகியிருக்கிறது இன்று
என்று கடிகாரக்காரர் கிசுகிசுத்தார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

தட்டுகளை மறந்துவிட்டேன்.
வாதாமிலைகளைத் துடைத்துப் பரிமாறினேன்.
முள்கரண்டியும் இல்லை.
க்யூபெக்காரர் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்துவிட்டு
மூன்றால் ஆரம்பித்தார்.

இஞ்சி, எலுமிச்சை, கரும்பு வெல்லம்.
எங்கள் ஊரில் அதற்குத் தேரைத் தண்ணீர் என்று பெயர்.
குவாதலஹாரா பெண் குவளையைத் தூக்கிப் பார்த்து
"தேரை எங்கே?" என்றாள்.
காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.
"வந்துகொண்டிருக்கிறது" என்றேன்.
சிரித்ததில் அவளுக்குப் புரையேறி
டெல்பெர்ட் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

யோர்லெனி நகர்ந்து இடம் விட்டாள்.
உட்கார்ந்தேன்.
என் முழங்கால் மடங்கிய சத்தத்தை
ஆசனம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

அடுப்பை அணைத்தேனா, நினைவில்லை.
சோம்பேறி
மற்றக் கையைத் தூக்கியிருக்கிறது.
அதைக் கீழே வைக்கட்டும்,
போய்ப் பார்க்கிறேன்.