நிலைத்தூரம்

தேவாலயச் சுவரில் முழங்கால் உயரத்தில்
ஒரு வெண்கலக் குமிழ்.
அதன் தலையில் மட்டக்கோலை நிறுத்துகிறான் யுர்ரெ.
வடகடல் காற்று.
கோல் ஆடுகிறது, நான் ஆடவில்லை என்கிறான்.
ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால்
எண்ணைப் பிடிக்கிறேன்.

தேவாலயம் கிழக்கே போகவில்லை.
வடக்கேயும் போகவில்லை.
தபால்காரருக்கு ஒரு குழப்பமும் இல்லை.
உயரம் மட்டும்
போன வருடத்துக்கு எட்டு மில்லிமீட்டர் குறைவு.

அடியில் எரிவாயு இருந்தது. எடுத்தார்கள்.
க்ரோனிங்கனில் இதற்குமேல் யாரும் விளக்குவதில்லை.

முதலில் கிடைத்தூரம், பிறகு நிலைத்தூரம்:
நட, அப்புறம் ஏறு.
பள்ளியில் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம்.
இறங்குவதற்கும் அதே சொல்தான்,
முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும்
என்பது ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்து போனது.
லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஒழுங்கு என்று வேராம்.
சரிதான்.
ஒழுங்காக, வரிசை கலையாமல்
இறங்கிக்கொண்டிருக்கிறோம்,
பசுக்கள், பள்ளிக்கூடம், கல்லறைகள்,
இந்தக் கருவியின் முக்காலியும் நானும்.

ரெய்ன்ட் போஸ்கர் காபிக்குக் கூப்பிட்டார்.
அவர் வீட்டு வாசலில் நிலை கோணியிருக்கிறது.
மூன்று முறை கதவை இழைத்தாயிற்று,
இனி இழைக்க மரம் இல்லை என்றார்.
நிலையில் பென்சில் கோடுகள்:
ஹில்யெ, ஐந்து வயது, நூற்றொன்பது.
ஏழு வயது. பத்து.
பதினான்கில் நின்றுவிட்டன,
அவளே வேண்டாமென்றாளாம்.

மேசை விரிப்பைத் தள்ளிவிட்டு
நிறுவனம் அனுப்பிய வரைபடத்தை வைத்தார்.
கிடையச்சில் முப்பது ஆண்டுகள்.
நிலையச்சில் பத்து மீட்டர்.
கோடு
ஏப்பம் விட்டுத் தூங்குகிறவன் வயிறு மாதிரி
நிம்மதியாகக் கிடந்தது.
"பாருங்கள், இதில் நாங்கள் விழவே இல்லை."
மூலையில் வரைந்தவர் பெயர், பொடி எழுத்தில்:
ஹி. போஸ்கர்.
"அளவை அவள் தேர்ந்தெடுக்கவில்லையாம்" என்றார்,
நான் கேட்காமலே.

என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து
அதே எண்களை
மில்லிமீட்டரில் நிறுத்தினேன்.
கோடு மாடிப்படியில் உருண்ட வாளியைப்போல்
வலது மூலைவரை போனது.
எது பொய், என்றார்.
இரண்டுமில்லை.
அந்த பதில் எனக்கே பிடிக்கவில்லை.

தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
அப்போதும் இறங்கியது.
யுர்ரெ சிரித்துவிட்டான்.
பிறகு பின்பக்கம் புரட்டி
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
ஏறியது.
"ஹில்யெ இப்படித்தான் வளர்ந்தாள்" என்றார்
தாளைக் கீழே வைக்காமல்.
காபி ஆடை கட்டியது.

புறப்படும்போது, ஒரு உதவி என்றார்.
அந்த நூற்றொன்பது
எதிலிருந்து நூற்றொன்பது?
வாசற்படியிலிருந்து.
வாசற்படி?
யுர்ரெவைப் படியில் நிற்கச் சொன்னேன்.
ஆம்ஸ்டர்டாம் பூஜ்யத்துக்குக் கீழே
அறுபத்திரண்டு சென்டிமீட்டர், நாலு மில்லி.
கழித்துப் பார்த்தோம்.
கடலுக்கு மேலே நாற்பத்தாறரை சொச்சத்தில்
ஒரு ஐந்து வயது உச்சந்தலை.
கோடு போட்ட அன்று அறுபத்தாறு இருந்திருக்கும்.
அவர் பென்சில் தேடினார்.
என் பென்சிலைக் கொடுத்தேன்.
பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுதினார்,
மகளுக்குத் தெரியவேண்டாம் என்பதுபோலச் சின்னதாக;
பிறகு யோசித்து,
அதன்மேலேயே அழுத்தி இன்னொரு தரம்.

சாயங்காலம் குமிழுக்குத் திரும்பிச் சுற்றை மூடினோம்.
பிழை ஒரு மில்லி. அனுமதிக்குள்தான்.
படியின் அளவு எங்கள் பட்டியலில் இல்லாத புள்ளி.
அதற்கு எண் கிடையாது.
குறிப்பு என்ற கட்டத்தில்
கதவு என்று எழுதி
குறிப்பேட்டை மூடினேன்.