சேவல் இறங்கிய வாரம்

சோஸ்ட் நகரின் பச்சைக்கல் கோயிலுக்கு
ஏப்ரலில் சாரம் கட்டினோம்.
உச்சிச் சேவலைக் கழற்றி இறக்கும் வேலை
எனக்கு வந்தது.
உயரத்துக்கு இவன் பயப்படமாட்டான் என்று
முதலாளி எல்லோரிடமும் சொல்வார்.

கீழே சந்தை நாள்.
வெங்காயம், துலிப், யாருடையதோ ஒரு நாய்.
மடியில் கிடந்தது சேவல்,
கைக்குழந்தையின் கனம்.
தரையிலிருந்து பொன்னாய்த் தெரிந்தது
இங்கே வெறும் செம்பு, களிம்பேறிய வால்,
போர்க்காலத்தில் எவனோ சுட்டுப் பழகிய
இரண்டு ஓட்டைகள்.

இருபத்தேழு வருஷம்
இதன் கீழேதான் பூசை கண்டேன்,
கடைசி வாங்கில், வெப்பக்குழாய்ப் பக்கம்.
நற்கருணைக்கு வரிசை நகரும்போது
குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவேன்.

சந்தியோகுவும் நானும்
ஒரே லொறியில் வந்தவர்கள்.
எல்லைக் காட்டில் ஒரு ஜாக்கெட்டை
முறைவைத்துப் போட்டுக்கொண்டோம்.
என் முறை முடிந்தபின்னும்
தூங்குவதாக நடித்தேன்.
அவன் எழுப்பவில்லை.

பிறகு ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர்,
அவனுடைய படம்.
இவரைத் தெரியுமா?

பேதுருவிடம் மூன்று முறை கேட்டார்கள்.
என்னிடம் ஒரு முறைதான்.
தெரியாது என்றேன்.
எந்தச் சேவலும் கூவவில்லை.
பக்கத்து அறையில்
நகலெடுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

என்னோடு வந்ததாக அவன் சொன்னதெல்லாம்
அந்த ஒரு சொல்லில் பொய்யாயிற்று.
கட்டுநாயக்காவில் அவன் இறங்கியதைக்
கண்டவர்கள் உண்டு.
அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால்
எத்தனையோ சனிக்கிழமை நின்றிருக்கிறேன்.
'நான் என் நண்பனை' என்பது வரைக்கும்
ஜெர்மன் வரும்.
நம்முடையதைப் போலவே அந்த மொழியிலும்
வினைச்சொல் பலநேரம் கடைசியில்தான்.
அந்தக் கடைசிக்கு நான் போனதில்லை.

சேவல் இறங்கிய வாரம்
அவனுடைய அக்கா மதலேன்
மகளின் பிள்ளைப்பேறு பார்க்க
டோர்ட்மண்டுக்கு வந்திருந்தாள்.
போனேன். சொன்னேன்.
குக்கர் விசில் அடித்தது.
எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும். முகாமிலையிருந்து எழுதினவன்.
பதினொரு வருசம் உன்னைத் திட்டினனான்.
பிறகு ஒருநாள் செபமாலை சொல்லேக்க
உன்ரை பேரும் வந்து விழுந்திட்டுது.
ஏன் எண்டு கேட்காதை,
எனக்கும் விளங்கேல்லை."

அழுதது நான்தான்.
அவள் மூக்குக்கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
வாசலில் ஒரு கடிதவுறை தந்தாள்,
உள்ளே இருபது யூரோ.
"செத்தவைக்கான பூசை
இண்டைவரைக்கும் அவனுக்கு நான் குடுக்கேல்லை.
நீ குடு.
உன்ரை வாயாலை பேரைச் சொல்லிக் குடு."

பங்கு அலுவலகத்தில் பிரிங்க்மன் அம்மா
பதிவேட்டைத் திறந்தார்.
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
ஒன்றை விட்டுவிட்டார்; திருத்தினேன்.
பேனாவை மூடிக்கொண்டே
சும்மா கேட்டார்:
உங்களுக்குத் தெரிந்தவரா?

தெரியும் என்றேன்.
தெரியும், தெரியும்.
ஒரு ஜாக்கெட், என்றேன்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.
மேசையிலிருந்த தண்ணீரை
என் பக்கம் தள்ளிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சேவல் இன்னும் பட்டறையில்.
மொட்டைக் கோபுரத்தின் கீழே
குருவானவர் அவன் பேரைச் சிதைத்துத்தான் வாசித்தார்,
சந்தி, யோகு, என்று
இரண்டு பேரைக் கூப்பிடுவதுபோல.

வரிசை நகர்ந்தது.
நாடா அவிழ்ந்தே கிடந்தது.
நடந்தேன்.