இடம் மாறிய இணைப்பு

சோஹாரில் ஜூலை மாதம்
வியர்வைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஹுதாவுக்கு மூன்று மாதம்.
பால் குடிக்கையில் மட்டும் நெற்றி நனையும்,
ஏசி பதினெட்டில் ஓடினாலும்.
பால் டின்னின் மூடியில்
தேதி தேதியாக எழுதி வைத்திருந்தாள் ஜமீலா.

ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கினேன்.
விலா இடுக்கில் சாம்பல் விசிறி விரிந்தது.
இடது கீழறை வீங்கி, சோம்பி.
மகாதமனியின் வேரில்
வலதுக் கிளை இருந்தது. இடது எங்கே?
வண்ணத்தைப் போட்டேன்.
சிவப்பாய் ஓட வேண்டிய இழை
நீலமாய், பின்னோக்கி,
நுரையீரல் தமனிக்குள் வடிந்துகொண்டிருந்தது.

"டாக்டர் சொல்லுவார்" என்றேன்.
எனக்கு அனுமதித்த ஒரே வாக்கியம் அது.

கடல்நீர் ஆலையில் பைப் ஃபிட்டர் ஜக்கரியா,
ஷிஃப்ட் சட்டையோடு
திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"லைன் மாத்திக் குடுத்திருக்கு, இல்லையா மேடம்?"

படத்தை உறையவைத்தேன்.

"கழட்டி, சரியான எடத்துல மாட்டிரலாம்ல?"

மஸ்கட்டுக்கு அழைக்கிறேன்,
ரிசீவரில் வழுக்குகிறது ஜெல்.
பசியில் ஹுதா சிணுங்குகிறாள்.
மூடியில் இடமில்லை.
ஜமீலா அதைத் திருப்பி
உட்புறத்தில் எழுதுகிறாள்
இன்றைய தேதியை.