உறவுமுறை

படிவத்தில் ஒரு கட்டம்:
நோயாளிக்கு என்ன உறவு?
தாய், மாமியார், நாத்தனார் என்று
பேனா முனையால் தட்டிக்கொண்டே போனார் எழுதுபவர்.
எதிலும் நான் இல்லை.
துணை என்றேன்.
"துணைன்னா?"
துணைன்னா துணைதாங்க.

பெண்ணையாற்றங்கரை இருளர் தெருவிலிருந்து
ஷேர் ஆட்டோவில் கூட்டி வந்தேன் பச்சையம்மாவை.
பத்தொன்பது வயது. தாய் இல்லை.
புருஷன் கன்னியப்பன் செங்கல் சூளையில்;
முன்பணம் கழியாமல் முதலாளி விடமாட்டாராம்.
மஞ்சக்குப்பம் வரும்வரை
ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மன்னிச்சுக்கம்மா" என்றார் ஆட்டோக்காரர்.
அந்த ராத்திரியில் அவளுக்குக் கிடைத்த மரியாதை
அவ்வளவுதான்.

நான் மருத்துவச்சி இல்லை.
கத்தரி தொடமாட்டேன், ஊசி தொடமாட்டேன்.
ஒன்பது நாள் பயிற்சி, சங்கம் கொடுத்த ஓர் அட்டை.
இடுப்பில் எங்கே உள்ளங்கையை அழுத்தினால்
மூச்சு திரும்பும் என்று தெரியும்.
மணி பார்க்கத் தெரியும்.
கேட்கத் தெரியும்.
கேட்டதையே திரும்பக் கேட்கவும்.

பிரஷர் பாத்தாச்சா சிஸ்டர்?
பாக்குறோம்.
பிரஷர் பாத்தாச்சா சிஸ்டர்?
ஏம்மா, எத்தன தடவ கேப்ப?
பாக்குற வரைக்கும்.

நாலு மணிக்கு அவள் கத்தினாள்.
பக்கத்துக் கட்டிலில் ரெட்டைவடச் சங்கிலியும் கத்தியது.
அதற்கு, "கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு."
இவளுக்கு, "வாய மூடு."
பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே,
கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்,
மழை வரும்போல என்று சொல்கிற குரலில்
சொன்னார் அந்த அம்மா:
"இவங்க ஆளுங்களுக்கு வலி தாங்கும்."

மூன்று ஐப்பசிக்கு முன்னால்
இதே நடையில் நின்றேன்.
என் தம்பி பெண்டாட்டி கோமளா
தலை இடிக்குது, கண் இருட்டுது என்றாள்.
தாங்கும் என்றார்கள்.
அன்றைக்குக் கட்டத்தில் எனக்கு இடம் இருந்தது: நாத்தனார்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
படித்தவர்கள் வேலையில் குறுக்கே போகக்கூடாதென்று
கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.
தாங்கவில்லை.

இப்போது கதவுக்கு உள்ளே இருக்கிறேன்.
கோபம் வந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.
நான் கத்தினால்
அது பச்சையம்மா கணக்கில் ஏறும்.

ஆறு பத்துக்குக் குழந்தை. பெண்.
அழுத பக்கம் எல்லாரும் திரும்பினார்கள்.
நான் துணியைப் பார்த்தேன்.
நனைந்தது. மாற்றினார்கள். நனைந்தது.
முழங்கையின் உள்பக்கம் பேனாவால் எழுதினேன்:
6.18. 6.25.
6.31க்கு மூன்றாவது துணி
கட்டில் காலில் சொட்டியது.

"சாதாரணம்தான்மா, இப்படித்தான் போகும்."

சாதாரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க மேடம்,
என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.
குரல் நடுங்கியது, மறைக்கவில்லை.
கையை நீட்டினேன், மணிகள் தெரிய.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு துணியை.
பிறகு ஓட்டம்.
ஊசி, பாட்டில், வயிற்றை அழுத்தும் இரண்டு கை,
ரத்தம் கேட்டு ஒரு போன்,
"அந்தம்மாவ வெளிய அனுப்புங்க" என்று யாரோ.
பச்சையம்மா என் மணிக்கட்டை விடவில்லை.
நகம் இறங்கியது.
அதனால் நானும் போகவில்லை.

மறுநாள் மதியம்
பிழிந்த துணிபோலக் கிடந்தாள். கண் மட்டும் திறந்து
பிள்ளையைப் பார்த்தாள்,
கூரையைப் பார்த்தாள்,
என் கையைப் பார்த்தாள்.
நாலு பிறை. கன்றிப்போயிருந்தது.

"நானா செஞ்சேன்? வலிச்சுதாக்கா?"

இதெல்லாம் தாங்கும்டி
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வலிச்சுது. இன்னமும் வலிக்குது" என்றேன்.

சிரித்துவிட்டாள்.
சிரித்ததில் தையல் இழுத்து
ஐயோ என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

கத்தட்டும்.